ருத்ரநாத்: எந்த வழியில் ஏறுவது, எந்த வழியில் இறங்குவது?

கட்வால் இமயமலையில் உள்ள ஐந்து சிவத்தலங்களான பஞ்ச கேதாரங்களில் சிவனின் முகம் வழிபடப்படும் தலம் ருத்ரநாத். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே, புல் மூடிய சரிவில் பாறையை ஒட்டிக் கட்டிய சின்னக் கற்கோயில். கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் பறக்கிறது. துங்கநாத்துக்குச் சோப்டாவிலிருந்து கல் பாவிய பாதையில் மூன்றரை கிலோமீட்டர் ஏறினால் போதும். ருத்ரநாத்துக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. எங்கிருந்து கிளம்பினாலும் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 17 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும்.

வழிகள் நான்கு. மாவட்டத் தலைநகரான கோபேஷ்வரை அடுத்த சகர் கிராமத்திலிருந்து ஒன்று, அதன் பக்கத்திலேயே கங்கோல்காவிலிருந்து ஒன்று, அனசூயா தேவி கோயில் வழியாக மண்டலிலிருந்து ஒன்று, கல்பேஷ்வர் இருக்கும் உர்கம் பள்ளத்தாக்கிலிருந்து டுமக் வழியாக ஒன்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல்முறை போகிறவர்கள் சகரில் ஏறுங்கள். மழை இல்லை, முழங்கால் நன்றாக இருக்கிறது என்றால் மண்டலில் இறங்கலாம். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் வந்த வழியே திரும்புங்கள். மண்டலில் ஏறுவது நல்ல மலைநடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். டுமக் வழி, பஞ்ச கேதாரங்களைத் தொடர்ந்து நடந்தே முடிக்க நினைப்பவர்களுக்கு.

ஏன் இப்படி என்பதற்கு முதல் காரணம், பார்க்க வந்த புல்வெளி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. கட்வாலில் இந்த உயர்மலைப் புல்வெளிகளை புக்யால் என்கிறார்கள். ஓக், ரோடோடெண்ட்ரான் காடுகள் முடியும் சுமார் 3,300 மீட்டரில் தொடங்கி, பாறையும் பனியும் ஆரம்பிக்கும் வரை விரியும் நிலம் அது. ருத்ரநாத் பகுதியில் பெரிய புக்யால் பனார். அது சகர் பக்கம். பனாரைத் தாண்டினால் பித்ரதார், பஞ்சகங்கா வழியாகக் கோயில் வரை மலைமுதுகிலும் அதன் தோளிலும் புல்லிலேயே நடக்கலாம். மண்டல் பக்கத்தில் நடையின் பெரும்பகுதி அடர்ந்த காட்டுக்குள்தான். ஹம்சா புக்யாலும் நவோலா கணவாயை ஒட்டிய சரிவுகளும் தவிர, திறந்த வெளி கடைசியில்தான் வரும்.

கிலோமீட்டரை நம்ப வேண்டாம், மணிக்கணக்கை நம்புங்கள். சகரிலிருந்து கோயிலுக்கு 18 என்று ஒரு பலகையும் 20 என்று இன்னொன்றும் சொல்லும். டாபாக்காரர் சொல்லும் "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்" அவருடைய காலுக்கு உண்டான கணக்கு. உயரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ருத்ரநாத்தின் உயரம் 2,286 மீட்டர் என்று பல பயணக் குறிப்புகளில் இருக்கிறது. அது தவறு. அந்த உயரத்தில் இந்த மலையில் அடர்காடு இருக்கும், புல்வெளி இருக்காது. கோயில் ஏறத்தாழ 3,600 மீட்டரில் இருக்கிறது. பழைய எண்ணைப் பார்த்துவிட்டு ஒரே ஸ்வெட்டரோடு வருகிறவர்கள் இரவில் டாபாக்காரரின் ரஜாயை (பஞ்சு வைத்த கனத்த போர்வை) நம்பித்தான் உயிர் பிழைக்கிறார்கள்.

சகர் வழி

கோபேஷ்வரிலிருந்து சோப்டா போகும் சாலையில் 5 கிலோமீட்டரில் சகர். உயரம் சுமார் 1,700 மீட்டர். ஷேர் ஜீப் கிடைக்கும். குளிர்காலத்தைக் கோபேஷ்வர் கோபிநாத் கோயிலில் கழிக்கும் ருத்ரநாத்தின் உற்சவ மூர்த்தி, நடை திறக்கும்போது டோலியில் மலையேறுவதும் சகர் வழியாகத்தான். ஆகவே பாதை அகலமாகவும் பார்த்தால் தெரியும்படியும் இருக்கும். வழிநெடுக டாபாக்கள் உண்டு.

முதல் பகுதி சகரிலிருந்து புங் புக்யால், சுமார் 4 கிலோமீட்டர், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். வயல்களைத் தாண்டியதும் பாஞ் ஓக் காடு. புங் என்பது காட்டுக்கு நடுவே திறந்துகிடக்கும் ஒரு சமவெளி. பெயரில் புக்யால் இருந்தாலும் இது உயர்மலைப் புல்வெளி அல்ல, சுற்றிலும் மரங்கள்தான். இங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் வழியின் மிகக் கடினமான ஏற்றம் இனிமேல்தான்.

புங்கிலிருந்து லியூட்டி வரை மூன்று முதல் நான்கு மணி நேரம். சக்ரகானி என்ற இடத்தில் பாதை வளைந்து வளைந்து ஏறும். காட்டுக்குள் காற்று அசையாது, எதிரே எந்த மலையும் தெரியாது, எவ்வளவு ஏறினோம் என்றும் புரியாது. பாதியில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திரும்புகிறார்கள். காரணம் உடல்பலம் இல்லாதது அல்ல. காலையில் ஒன்பது மணிக்குமேல் கிளம்பி, புங் வரை வேகமாக நடந்து, சக்ரகானியை நடுப்பகலில் தொடுவதுதான் காரணம். சகரிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் புங்கில் காலைச் சாப்பாடு, லியூட்டியில் மதியம். இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

லியூட்டி சுமார் 3,000 மீட்டர். மரங்கள் குட்டையாகத் தொடங்கியிருக்கும். தண்ணீர், படுக்க இடம், சூடான சாப்பாடு எல்லாம் கிடைக்கும். கிச்சடி, பருப்பு ரொட்டி, மேகி, அவ்வளவுதான் மெனு. ஆனால் அந்தக் குளிரில் வேறெதுவும் தேவைப்படாது. இங்கிருந்து பனார் இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். கர்சு ஓக்கும் குட்டை ரோடோடெண்ட்ரானும் விலகி, ஒரு திருப்பத்தில் மரங்கள் சட்டென்று முடிந்துபோகும். பனார் சுமார் 3,400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

பனாருக்குப் பிறகு மூன்று முதல் நான்கு மணி நேர நடை. வந்த பயணத்தின் பலன் இந்தப் பகுதிதான். முதலில் பித்ரதாருக்கு மெல்ல ஏற வேண்டும். வழியின் மிக உயரமான இடம் அது, கோயிலைவிட உயரம். முன்னோர்களை நினைத்து வழிப்போக்கர்கள் வைத்துவிட்டுப் போன கற்கள் அங்கே குவிந்திருக்கும். அதன்பின் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு பஞ்சகங்காவுக்கு இறங்கும். மண்டலிலிருந்து வரும் வழி சேரும் முச்சந்தி இதுதான். இங்கிருந்து கோயிலுக்குப் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. கோயிலருகே சூரிய குண்டம், சந்திர குண்டம், தாரா குண்டம் என்று சிறு நீர்நிலைகள். சற்றுக் கீழே வைதரணி நீரோடை. பித்ருக்களுக்குப் பிண்டம் வைக்க வருகிறவர்கள் போகும் இடம் அது. வானம் தெளிந்தால் நந்தாதேவியும் திரிசூலும் நந்தா குண்டியும் வரிசையாகத் தெரியும்.

பனாரில் பனிமூட்டம் இறங்கினால் பாதையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். புக்யாலின் மண் மெல்லிய போர்வை போன்றது. வேர் பிடித்த புல்தோல் ஒரு சாணுக்கும் குறைவு. மழையில் பாதை சேறானதும் நடப்பவர்கள் ஓரத்தில் புல்மேல் காலை வைப்பார்கள். அங்கும் புல் தேய்ந்து இன்னொரு தடம் உண்டாகும். இப்படி நான்கைந்து தடங்கள் இணையாக ஓடும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே ஆடுமாடுகள் போட்ட தடங்களும் கலந்துகிடக்கும். மூட்டத்தில் மாட்டுத் தடத்தைப் பிடித்தால் அது மேய்ச்சல் சரிவுக்கோ நீரோடைக்கோ கொண்டுபோய் விட்டுவிடும். வித்தியாசம் காண எளிய வழி: மனிதத் தடத்தில் ஆங்காங்கே கல் அடுக்கியிருக்கும், சரிவான இடங்களில் படி வெட்டியிருக்கும், பிஸ்கட் காகிதமும் கிடக்கும் (வெட்கக்கேடுதான், ஆனால் அடையாளம்). ஐந்து நிமிடம் நடந்தும் இவை எதுவும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகக் கல்லடுக்கு பார்த்த இடத்துக்கே திரும்பி நில்லுங்கள். பாதை தெரியும்போது சேறானாலும் நடுத்தடத்திலேயே நடங்கள். புல்தோல் கிழிந்த இடத்தில் அடுத்த மழைக்கு மண் சரியத் தொடங்கும். மீண்டும் புல் பிடிக்கப் பல வருடங்கள் ஆகும்.

கங்கோல்காவ் வழி

கோபேஷ்வரிலிருந்து 3 கிலோமீட்டரில் கங்கோல்காவ். அங்கிருந்து சுமார் 17 கிலோமீட்டர். பனாரில் சகர் பாதையோடு சேர்ந்துவிடும். தூரம் குறைவு என்பதுதான் கவர்ச்சி. குறைந்த தூரத்தில் அதே உயரத்தை ஏற வேண்டும் என்பதால் சரிவு கூடும். டாபாக்களும் குறைவு. உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் இதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

மண்டல் – அனசூயா வழி

கோபேஷ்வரிலிருந்து 13 கிலோமீட்டரில் மண்டல், சுமார் 1,550 மீட்டர். 1973 ஏப்ரலில் விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்காக அங்கு மரங்களை வெட்ட வந்தவர்களை ஊர்மக்கள் எதிர்த்து நின்று திருப்பி அனுப்பிய இடம் இது. மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கத்தின் முதல் மோதல் அதுதான். அன்று காப்பாற்றிய காடு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமென்றால் இந்த வழியில் நடப்பதே சரி. பறவை பார்ப்பவர்களும் இதையே விரும்புவார்கள்.

மண்டலிலிருந்து அனசூயா தேவி கோயில் 5 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். படிகளும் கல்பாதையும் உள்ள சுலபமான நடை, சிரோலி கிராமம் வழியில். சுசீந்திரம் தலபுராணத்தில் மும்மூர்த்திகளைக் குழந்தைகளாக்கிய அதே அனசூயைதான். டிசம்பரில் தத்த ஜெயந்திக்கு இங்கே திருவிழா கூடும். குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் அப்போது வருவார்கள். கோயிலருகே தங்குமிடம் உண்டு. இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அத்திரி முனி குகையும் அமிர்தகங்கா அருவியும். குகைக்குப் போகச் சங்கிலியைப் பிடித்துப் பாறை ஏற வேண்டியிருக்கும். பாறை ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். முதியவர்களோடு வந்தவர்கள் அனசூயா வரை போய்த் திரும்பினாலே ஒரு நல்ல நாள்.

சிக்கல் அனசூயாவுக்கு மேலேதான். கோயில் சுமார் 2,000 மீட்டரில் இருக்கிறது. நவோலா கணவாய் 3,700ஐ ஒட்டி. இந்த 1,700 மீட்டர் ஏற்றமும் ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள். அதன்பிறகும் பஞ்சகங்கா வழியாகக் கோயிலுக்கு நடக்க வேண்டும். ஒரே நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை. நடுவில் சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது. ஹம்சா புக்யாலில் கொட்டகை இருக்கலாம், அதில் ஆள் இருக்க வேண்டுமே! ஓடைகளைத் தாண்டியபின் கணவாய் வரை தண்ணீர் அரிது. காட்டுப்பாதையில் விழுந்த மரங்களைச் சுற்றிப் போகும்போது தடம் தவறும். மழைக்காலத்தில் அட்டை, இடுப்பளவு வளர்ந்த காட்டுக் காஞ்சொறி, வழுக்கும் வேர்கள். கரடி நடமாடும் காடு என்பதால் தனியாகவும் ஓசையில்லாமலும் போகக் கூடாது. பேசிக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு.

இறங்குவதற்கு இதே வழி எப்படி? மூச்சுக்குச் சுலபம், முழங்காலுக்குத் தண்டனை. காலையில் ருத்ரநாத்தை விட்டு ஆறு மணிக்குக் கிளம்பினால் கணவாயை எட்டரைக்குள் தாண்டிவிடலாம். அதன்பின் அனசூயா வரை ஐந்து, ஆறு மணி நேரம் ஓயாத இறக்கம். இறங்கும்போது உடல் எடை முழுவதையும் தாங்கி நிறுத்துவது தொடையின் முன்தசை. அது களைத்துப்போனதும் அதிர்ச்சி நேரே மூட்டுக்குப் போகும். வழுக்கி விழுவது பெரும்பாலும் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், சிறிய அடி, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வு. ஷூ லேஸைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது. கால் நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பஞ்சகங்காவில் வேறு எதுவும் யோசிக்காமல் மண்டல் பக்கம் திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்துதான் கணவாய்ப் பக்கம் கண்ணுக்குத் தெரியும். மேகம் அடைந்திருந்தாலோ முந்தைய இரவு கனமழை என்றாலோ பனார் பக்கம் நடையைக் கட்டுங்கள். அன்று காலை மண்டலிலிருந்து யாராவது ஏறி வந்தார்களா, முந்தைய நாள் யாராவது இறங்கினார்களா என்று டாபாவில் கேட்பது எந்த வானிலை ஆப்பையும்விட நம்பகமானது.

டுமக் – உர்கம் வழி

ஜோஷிமட்டுக்கு 14 கிலோமீட்டர் முன்னால் ஹேலங். அங்கிருந்து ஜீப்பில் உர்கம் பள்ளத்தாக்கு. சிவனின் சடை வழிபடப்படும் கல்பேஷ்வர் அங்கே, சுமார் 2,200 மீட்டரில். பஞ்ச கேதாரங்களில் ஆண்டு முழுவதும் திறந்திருப்பது இது ஒன்றுதான். தேவ்கிராமத்திலிருந்து கல்கோட், டுமக் கிராமங்களைத் தொட்டு, காடு ஏறிப் பனாரை அடையும் வழி இது. நிதானமாக நடந்தால் இரண்டு இரவு ஊர்களில் தங்கி, மூன்றாம் நாள் பனார். ஊர்களில் வீட்டிலேயே தங்க இடம் கொடுப்பார்கள். ராஜ்மாவும் மண்டுவா (கேழ்வரகு) ரொட்டியும் கிடைக்கும்.

இதன் பெரிய லாபம் உயரம் மெதுவாகக் கூடுவது. ஏறி இறங்கி ஏறுவதால் உடல் பழகிவிடும். நஷ்டம், பாதை பிரியும் இடங்களில் பலகை இல்லை. டுமக்குக்கும் பனாருக்கும் நடுவே ஊரே இல்லை. உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். சமவெளியிலிருந்து ஒரு வார விடுப்பில் வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. பத்து நாள் இருப்பவர்கள் ருத்ரநாத்தில் ஆரம்பித்து கல்பேஷ்வரில் முடிப்பது இறக்கமாகவும் அமையும், வரிசையாகவும் அமையும்.

உயரமும் உறக்கமும்

நான்கு வழிகளுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. அது கால் சம்பந்தப்பட்டதல்ல. கோபேஷ்வர் சுமார் 1,550 மீட்டர். அங்கே தூங்கி எழுந்து மறுநாள் பனாரில் தூங்கினால் ஒரே நாளில் உறங்கும் உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கூடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உறங்கும் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. கடற்கரை ஊரிலிருந்து டேராடூனுக்கு விமானத்தில் வந்து இறங்கி மூன்றாம் நாளே பனாரில் படுப்பவருக்குத் தலைவலி வந்தால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, மலை ஏறுமுன் சுமார் 2,700 மீட்டரில் உள்ள சோப்டாவில் ஒரு இரவு தங்கி, அன்று துங்கநாத் (3,680 மீட்டர்) போய்த் திரும்புவது. அங்கிருந்து சகருக்கு வரும் சாலை மண்டல் வழியாகவே வருவதால் சுற்றும் இல்லை. இன்னொன்று, முதல் இரவை பனாரில் வைக்காமல் லியூட்டியில் வைப்பது. இரண்டையும் செய்தால் மிக நல்லது. முதல் நாளே பனாரைத் தொட்டுவிட வேண்டும் என்ற வேகம், மறுநாள் பித்ரதாரில் வாந்தியாக வெளிவரும்.

தலைவலியும் பசியின்மையும் இருந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். ஓய்விலும் சரியாகவில்லை என்றால் இறங்குங்கள். நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, இரவென்றாலும் உடனே இறக்க வேண்டும். பனாரிலிருந்து சகர் பாதையில் இறங்கினால் சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் குறைந்துவிடும். இதுவும் சகர் பாதைக்குச் சாதகமான வலுவான காரணம். பஞ்சகங்காவிலிருந்து என்றால் சகர் பக்கம் பித்ரதாருக்கு, மண்டல் பக்கம் கணவாய்க்கு என்று எப்படியும் நோயாளியை முதலில் ஏற்றித்தான் ஆக வேண்டும். உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எந்த மாதம்

நடை மே மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டித் திறக்கும், அக்டோபர் நடுவில் அடைக்கும். டாபாக்களும் அதை ஒட்டியே இயங்கும். நடை அடைத்தபின் போவது வேறு வகையான பயணம். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் சுமக்க வேண்டும்.

மே கடைசியில் பித்ரதாரின் நிழல் பக்கங்களில் பனித்திட்டுகள் மிஞ்சியிருக்கும். காலையில் அவை கண்ணாடியாக உறைந்திருக்கும் என்பதால் வெயில் பட்டபின் கடப்பது நல்லது. ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும், ஆனால் புல்வெளி இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். பச்சை விரிவது ஜூன் நடுவில். ஜூலை, ஆகஸ்டில் பூக்கள் கொட்டிக்கிடக்கும். பிரம்ம கமலமும் அப்போதுதான். பறிக்காதீர்கள். இது கஸ்தூரி மானுக்காக 1972இல் அறிவித்த கேதார்நாத் வனவிலங்கு சரணாலயம். நீலப் பூக்களில் சில அக்கோனைட் என்ற கொடிய விஷம். அந்த மாதங்களில் மலைச்சாலைகள் நாள்கணக்கில் அடைபடும். கையில் இரண்டு நாள் உபரி இல்லாமல் வரக் கூடாது. மேய்ப்பர்களின் போட்டியா நாய்கள் கழுத்தில் முள் பட்டையோடு மந்தையைச் சுற்றிக் கிடக்கும். மந்தைக்கும் நாய்க்கும் நடுவே நுழையாமல், மேய்ப்பரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டுச் சுற்றிப் போங்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நடை அடைக்கும் வரையிலான மூன்று வாரம்தான் எல்லாம் கூடிவரும் காலம். புல் பொன்னிறமாகும், மலைகள் காலை முதல் மாலை வரை தெரியும், மண்டல் காடு காய்ந்திருக்கும். இரவுக் குளிர் பூஜ்யத்தைத் தொடும். மண்டல் இறக்கத்தை முயல வேண்டுமென்றால் இந்தக் காலத்தில் முயலுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அது வேண்டவே வேண்டாம்.

எந்த மாதமானாலும் பனார் – பித்ரதார் முதுகை மதியத்துக்குள் தாண்டிவிட வேண்டும். வெயிலில் சூடான பள்ளத்தாக்குக் காற்று மேலேறி, மதியத்துக்குப் பிறகு மேகமாகத் திரண்டு, இடியும் ஆலங்கட்டியுமாக இறங்கும். அங்கே ஒதுங்க மரம் இல்லை. முதுகில் நிற்கும் ஆள்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். முதல் இடிச்சத்தம் கேட்டதும் முதுகை விட்டுச் சரிவுக்கு இறங்கி, ஊன்றுகோலைத் தள்ளி வைத்து, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்தியிருங்கள்.

அனுமதி, சுமை, நாள்கணக்கு

சரணாலயத்துக்குள் போக கேதார்நாத் வனவிலங்குக் கோட்டத்தின் பதிவும் கட்டணமும் உண்டு. ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள் என்பதால் கோபேஷ்வர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். ஆதார் நகலும் ரொக்கப் பணமும் கையில் இருக்கட்டும். கோபேஷ்வருக்கு மேலே ஏடிஎம்மை எதிர்பார்க்காதீர்கள். கூடாரம் கொண்டுவரும் எண்ணமிருந்தால் முதலில் வனத்துறையைக் கேளுங்கள். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்து தீர்ப்பளித்தது. அதிலிருந்து கூடாரம் போடும் விஷயம் கெடுபிடியாகவே இருக்கிறது. டாபாக் கொட்டகையில் தங்கினால் சுமையும் குறையும்.

கொட்டகையில் தங்குவதாக இருந்தால் முதுகுப்பை எட்டு கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். ஆகவே சிந்தெடிக் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ரஜாய் அங்கே கிடைத்தாலும் ஈரம் அடித்திருக்கும் என்பதால் உள்ளே விரிக்க ஒரு மெல்லிய துணிப்பை. தலை டார்ச், மூன்று ஜோடி சாக்ஸ், கொப்புளத்துக்கு டேப், ஓஆர்எஸ். டேப்பை கொப்புளம் வந்தபின் அல்ல, தோல் சூடாக உணர்ந்ததுமே ஒட்டுங்கள். சுமக்க முடியாதவர்கள் சகரில் கோவேறு கழுதையோ போர்ட்டரோ முந்தின மாலையே பேசி வைக்கலாம். மண்டல் வழியில் இறங்குவதாக இருந்தால் கழுதையை நம்பாமல் போர்ட்டரையே பேசுங்கள்.

ரிஷிகேஷிலிருந்து கோபேஷ்வர் 210 கிலோமீட்டரைத் தாண்டும். விடிகாலைப் பேருந்தில் ஏறினால் பகல் முழுதும் போகும். அதைக் கழித்துவிட்டு இப்படிப் பிரிக்கலாம்: சோப்டாவில் ஒரு இரவு, மறுநாள் சகரிலிருந்து லியூட்டி, அடுத்த நாள் லியூட்டியிலிருந்து ருத்ரநாத். இரவு கோயிலருகே தங்கினால்தான் மாலை ஆரத்தியும் காலைப் பூஜையும் கிடைக்கும். அதே நாளில் பனாருக்கே திரும்பிவிடும் அவசரத் திட்டங்களில் இவை இரண்டும் போய்விடும். சகர் வழியே திரும்புகிறவர்கள் ஒரே நாளில் கீழே வந்துவிடலாம், எட்டு ஒன்பது மணி நேரம். மண்டல் வழியே இறங்குகிறவர்கள் அன்றே மண்டல் வரை வர முயல வேண்டாம். அனசூயாவில் தங்கி, மறுநாள் காலை அத்திரி குகையைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் மண்டலுக்கு வந்து சேருங்கள். மாலையாகிவிட்டால் கோபேஷ்வர் போகும் ஷேர் ஜீப்புகள் குறைந்துவிடும், தனி வண்டிக்குக் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டிவரும்.